பாடத்திட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் மாலை வேளைகளில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தருகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் வேலூர், குடியாத்தம், மேல்விஷாரம் பக்கத்துக் கலைக் கல்லூரிப் பிள்ளைகள். வெளிநாடு போக முயலும் செவிலியர்களும், ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் நிறுவனங்களில் வேலை தேடுகிறவர்களும் உண்டு. அரசியல், சினிமா பற்றியெல்லாம் ஓரளவு பேசிவிடுகிறார்கள். ‘நீங்கள் என்ன படித்தீர்கள், அதில் என்னென்ன இருந்தது?’ என்று கேட்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில் எழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன், வாய்விட்டுப் படியுங்கள்.

சார், சிலபஸ் என்றால் பாடத்திட்டம். அது எங்களுக்கே தெரியும். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

சொல் தெரியும், அதன் கூட்டாளிகள் தெரியாது. பாடத்திட்டத்தை ‘முடிப்பது’, ‘மாற்றுவது’, அதில் ஒன்று ‘இருப்பது’, அதைத் ‘தாண்டிப் போவது’ ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பழகிப்போன வினைச்சொல்லும், ‘இன்’, ‘ஆன்’ போன்ற முன்னிடைச்சொல்லும் உண்டு. ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய்த் தொக்குதான் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் சாம்பார் வைத்தால் இலைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். சொற்சேர்க்கையும் அப்படித்தான். இலக்கணப்படி பிழை இல்லாத வாக்கியமும் கேட்கிறவர் காதில் உறுத்தும்.

சிலபஸ், போர்ஷன், கரிக்குலம் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ‘கரிக்குலம்’ பெரியது: மூன்று ஆண்டுப் படிப்பில் என்னென்ன பாடங்கள், எந்த வரிசையில், எந்த நோக்கத்தில் என்ற முழு ஏற்பாடு. ‘சிலபஸ்’ அதில் ஒரு பாடத்துக்கு உரிய விவரம். நம் பக்கத்துக் கல்லூரிகளில் அது வழக்கமாக ஐந்து ‘யூனிட்’களாகப் பிரிந்திருக்கும்.

‘போர்ஷன்’ இந்திய ஆங்கிலம். ‘நாளைய டெஸ்டுக்கு என்ன போர்ஷன்?’ என்று சத்துவாச்சாரியில் கேட்டால் எல்லாருக்கும் புரியும். லண்டனில் கேட்டால் சாப்பாட்டின் அளவைக் கேட்கிறீர்கள் என்று நினைப்பார்கள். அங்கே ‘வாட் வில் தி டெஸ்ட் கவர்?’ என்று கேட்பதே இயல்பு.

ஆசிரியர் பாடம் நடத்தி முடித்துவிட்டார் என்பதற்கு ‘கம்ப்ளீட்’ சொல்வதா, ‘கவர்’ சொல்வதா?

இரண்டும் சரி, பொருள் கொஞ்சம் வேறு. ‘வீ கவர்ட் யூனிட் த்ரீ’ என்றால் மூன்றாம் அலகைத் தொட்டுப் படித்துவிட்டோம். ‘வீ ஃபினிஷ்ட் தி சிலபஸ்’ என்றால் இனி மிச்சம் ஒன்றும் இல்லை. பாடத்திட்டத்தோடு அதிகம் உறவாடும் வினை ‘கவர்’தான். ஆசிரியரும் ‘கவர்’ செய்வார், பாடத்திட்டமும் ஒரு பொருளைக் ‘கவர்’ செய்யும், தேர்வும் செய்யும். ஒரே ஒரு வினையை மனத்தில் இருத்த முடியும் என்றால் இதை இருத்துங்கள். ஆனால் ‘கவர்ட் அபௌட்’ கிடையாது. நேரே பொருளைச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் மாதக் கடைசியில் நடக்கும் கூத்துக்கும் தொடர்கள் உண்டு. பாடம் பின்தங்கியிருந்தால் ‘வீ ஆர் பிஹைண்ட் வித் தி சிலபஸ்’. அவசர அவசரமாக ஓட்டினால் ‘ஹீ ரஷ்ட் த்ரூ தி லாஸ்ட் டூ யூனிட்ஸ்’. எப்படியோ முடித்தால் ‘வீ மேனேஜ்ட் டு கெட் த்ரூ இட்’. ஒரு அலகை விட்டுவிட்டால் ‘வீ ஸ்கிப்ட் யூனிட் ஃபைவ்’. கடைசித் தொடர் நம் பக்கத்தில் அதிகம் தேவைப்படுகிறது என்பது என் எண்ணம்.

‘இன் தி சிலபஸ்’ என்பதா, ‘ஆன் தி சிலபஸ்’ என்பதா?

இங்கே எல்லாரும் ‘இன்’ என்கிறோம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒரு நூலோ தலைப்போ பட்டியலில் இடம்பெற்றிருப்பதைச் சொல்ல ‘ஆன்’ வரும்: ‘ஹாம்லெட் இஸ் ஆன் தி சிலபஸ்’. பாடத்திட்டத்தைப் பட்டியலாக நினைத்தால் ‘ஆன்’, தாளில் அச்சான ஆவணமாக நினைத்து அதற்குள் ஒரு விவரம் இருக்கிறது என்றால் ‘இன்’. இந்த வேறுபாடு அமெரிக்கப் பேராசிரியர் பற்றிய கேள்வியில் மறுபடி உதவும்.

‘அவுட் ஆஃப் சிலபஸ்’ என்றேன். பயிற்சி மையத்தில் அப்படி ஆங்கிலமே கிடையாது என்று சிரித்துவிட்டார்கள். உண்மையா?

சிரித்தவருக்கு வேறு வேலை இல்லை. அந்தத் தொடர் இந்தியா முழுவதும் புழங்குகிறது, செய்தித்தாள்களிலும் வருகிறது. இங்கே பேசும்போது தாராளமாகச் சொல்லுங்கள். இந்தியாவுக்கு வெளியே ‘இட் வாஸ்ண்ட் ஆன் தி சிலபஸ்’ அல்லது ‘அவுட்சைட் தி சிலபஸ்’ என்றால் போதும். நம் தொடரில் ‘தி’ இல்லை, அங்கே உண்டு என்பதைக் கவனியுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி வேறு, பாடத்திட்டத்தில் இருந்தும் வகுப்பில் நடத்தாத கேள்வி வேறு. இரண்டாவது ‘இட் வாஸ்ண்ட் கவர்ட் இன் கிளாஸ்’. தேர்வுத் துறைக்கு முறையீடு எழுதும் பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். வகுப்பில் நடத்தவில்லை என்பது கல்லூரியின் பாடு. பல்கலைக்கழகம் அதைக் காதில் வாங்காது. முறையீட்டில் ‘கொஸ்டின் ஃபோர்டீன் ஃபால்ஸ் அவுட்சைட் தி பிரிஸ்க்ரைப்ட் சிலபஸ்’ என்று எழுதி, எந்த அலகில் எந்தத் தலைப்பு வரை கொடுத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

‘வாஸ்ட் சிலபஸ்’ என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் எல்லாரும் அதையே சொல்லி அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. என்ன குறை என்று யோசித்துச் சொல்லுங்கள். பக்கங்கள் அதிகமா, ‘லாங்’. சுமை தாங்கவில்லையா, ‘ஹெவி’. பல துறைகளைத் தொடுகிறதா, ‘பிராட்’. கடினமாக இருந்தால் ‘டிமாண்டிங்’. காலம் கடந்ததாக இருந்தால் ‘அவுட்டேட்டட்’. அதைச் சொல்ல நேர்காணலில் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

‘தி சிலபஸ் கம்ப்ரைசஸ் ஆஃப் ஃபைவ் யூனிட்ஸ்’ சரியா?

‘ஆஃப்’ வேண்டாம். ‘கம்ப்ரைசஸ் ஃபைவ் யூனிட்ஸ்’ அல்லது ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப் ஃபைவ் யூனிட்ஸ்’. ‘ஆஃப்’ இரண்டாவதற்கு மட்டுமே சொந்தம். எளிமை வேண்டுமானால் ‘இஸ் டிவைடட் இன்டு ஃபைவ் யூனிட்ஸ்’. ‘இன்க்ளூட்ஸ்’ என்றால் சிலவற்றை மட்டும் சொல்கிறீர்கள், இன்னும் இருக்கிறது என்று பொருள். ஐந்து அலகையும் வரிசையாகச் சொல்லிவிட்டு ‘இன்க்ளூட்ஸ்’ போட்டால் ஆறாவது எங்கே என்று தேடுவார்கள்.

‘டிஸ்கஸ் அபௌட்’ தவறு என்கிறீர்கள். ‘டிஸ்கஷன் அபௌட்’ மட்டும் எப்படிச் சரியாகும்?

நல்ல கேள்வி. வினையாக வந்தால் நேரே பொருள்: ‘வீ டிஸ்கஸ்ட் தி சிலபஸ்’. பெயராக வந்தால் முன்னிடைச்சொல் வேண்டும்: ‘எ டிஸ்கஷன் அபௌட் தி சிலபஸ்’. தமிழில் ‘பற்றி’ இரண்டு இடத்திலும் வருவதால் நமக்கு இது குழப்பம். ‘கவர்’ போன்றே ‘டிஸ்கஸ்’, ‘மென்ஷன்’, ‘டிஸ்க்ரைப்’ மூன்றும் வினையாக வரும்போது ‘அபௌட்’டை ஏற்காது.

நான் பி.எஸ்சி. படித்தேன். அதைக் ‘கோர்ஸ்’ என்பதா? பல்கலைக்கழகத் தாளில் ‘கோர்ஸ்’ என்று ஒவ்வொரு பேப்பரையும் போட்டிருக்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். நம் வீடுகளில் ‘என்ன கோர்ஸ் படிக்கிறாய்?’ என்றால் பட்டப்படிப்பு முழுவதும். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் விருப்பப் பாட முறை வந்தபின் அதிகாரப்பூர்வ மொழி மாறிவிட்டது. அதன்படி பி.எஸ்சி. என்பது ‘புரோகிராம்’, நாம் ‘பேப்பர்’ என்று சொல்லிவந்த ஒவ்வொன்றும் ‘கோர்ஸ்’. ஆகவே உங்கள் மதிப்பெண் சான்றிதழும் நீங்களும் ஒரே சொல்லை இரண்டு பொருளில் ஆள்கிறீர்கள்.

வெளியே போனால் இன்னும் சிக்கல். அமெரிக்காவில் ‘கோர்ஸ்’ என்றால் ஒரு பருவத்தில் எடுக்கும் ஒரு பாடம். பட்டப்படிப்பு ‘புரோகிராம்’ அல்லது ‘டிகிரி’. இந்த வகையில் நம் பல்கலைக்கழகத் தாள் அமெரிக்கா பக்கம். பிரிட்டனில் ‘கோர்ஸ்’ முழுப் பட்டப்படிப்பு. அதன் பகுதிகள் ‘மாட்யூல்’. நம் வீட்டுப் பேச்சு பிரிட்டன் பக்கம். சேர்வதற்கான சொல்லும் மாறும்: அங்கே ‘என்ரோல் ஆன் எ கோர்ஸ்’, அமெரிக்காவில் ‘என்ரோல் இன்’.

‘பேப்பர்’ என்பதை வெளிநாட்டவரிடம் தவிர்ப்பது நல்லது. பிரிட்டனில் அது வினாத்தாள். அமெரிக்காவில் மாணவர் எழுதிக் கொடுக்கும் கட்டுரை. ‘ஐ ஹாட் சிக்ஸ் பேப்பர்ஸ்’ என்றால் ஆறு கட்டுரை எழுதியதாக நினைப்பார்கள். எங்கேயும் தடுமாறாமல் இருக்க ‘சப்ஜெக்ட்’ போதும்: ‘இன் மை பி.எஸ்சி., ஐ ஸ்டடீட் கெமிஸ்ட்ரி வித் மேத்ஸ் அண்ட் பிசிக்ஸ் அஸ் அலைட் சப்ஜெக்ட்ஸ்’. ‘அலைட்’ என்ற சொல்லும் தமிழ்நாட்டுக்கு வெளியே புரியாமல் போகலாம். கேட்டால் ‘சப்போர்ட்டிங் சப்ஜெக்ட்ஸ்’ என்று விளக்கிவிடுங்கள்.

‘கோர்’, ‘எலெக்டிவ்’, ‘ஆப்ஷனல்’, ‘கம்பல்சரி’?

துறைக்கு உயிரான பாடம் ‘கோர்’. எல்லாரும் படித்தாக வேண்டியது ‘கம்பல்சரி’. தேர்ந்தெடுப்பது அமெரிக்காவிலும் இங்கேயும் ‘எலெக்டிவ்’, பிரிட்டனில் ‘ஆப்ஷனல்’ அல்லது ‘ஆப்ஷன்’. ஒன்றைத் தேர்ந்தெடுத்ததற்கு ‘ஐ டுக் அன் எலெக்டிவ் இன் ஜர்னலிசம்’. கல்லூரியே ஒரு ‘எலெக்டிவ்’தான் நடத்தியது, நீங்கள் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை என்றால் அதற்கு ஆங்கிலத்தில் தனிச் சொல் கிடையாது.

‘டென் மார்க்ஸ் கொஸ்டின்’ என்று எழுதினேன். ‘மார்க்ஸ்’ஐ அடித்து ‘மார்க்’ ஆக்கிவிட்டார்கள். பத்து மதிப்பெண் பன்மைதானே?

பன்மைதான். ஆனால் எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு அடைமொழியாக நிற்கும்போது ஒருமையாகிவிடும். ‘எ டென் மார்க் கொஸ்டின்’, ‘எ ஃபோர் கிரெடிட் கோர்ஸ்’, ‘எ த்ரீ இயர் டிகிரி’. பின்னால் பெயர் இல்லையென்றால் பன்மை திரும்பி வரும்: ‘தி கொஸ்டின் கேரீஸ் டென் மார்க்ஸ்’.

இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. இதை எப்படிச் சொல்வது?

‘வெயிட்டேஜ்’ என்று சொல்லத்தான் வாய் வரும். அது நம் நாட்டுச் சொல். பிரிட்டனில் ‘வெயிட்டிங்’. இரண்டையும் விட வினையைப் பிடிப்பது எளிது: ‘தி ஃபைனல் எக்ஸாம் இஸ் வொர்த் செவன்டிஃபைவ் பர்சென்ட்’, ‘இன்டர்னல் அசெஸ்மென்ட் அக்கவுன்ட்ஸ் ஃபார் ட்வென்டிஃபைவ் பர்சென்ட்’. ‘அட்டென்டன்ஸ் கவுன்ட்ஸ் டுவர்ட்ஸ் தி இன்டர்னல் மார்க்’ என்றால் வருகைப்பதிவும் அதில் சேர்கிறது. ‘இன்டர்னல்ஸ்’ என்று வெறுமனே விட்டால் வெளியார் உடம்பின் உள்ளுறுப்பைப் பற்றி யோசிப்பார்கள். ‘கன்டினியூவஸ் அசெஸ்மென்ட்’ அல்லது ‘கோர்ஸ்வொர்க்’ என்று விரித்துச் சொல்லுங்கள்.

எக்ஸாம் ‘ரைட்’ செய்வதா, ‘டேக்’ செய்வதா, ‘கிவ்’ செய்வதா?

‘டேக்’ எங்கும் செல்லும். பிரிட்டனில் ‘சிட்’ என்பதும் உண்டு. ‘ரைட் அன் எக்ஸாம்’ நம்மிடமும் தென்னாப்பிரிக்கா, கனடா போன்ற இடங்களிலும் உண்டு. ‘கிவ்’ இந்தி வழியாக வந்தது. உலகின் மற்ற இடங்களில் தேர்வைக் ‘கிவ்’ செய்பவர் ஆசிரியர். சென்னை அலுவலகத்தில் வடநாட்டு அதிகாரி ‘கிவ்’ என்று சொன்னால் திருத்தப் போகாதீர்கள், வேலை முக்கியம்.

அரியர் இருந்ததைச் சொல்லாமல் விடலாமா? சொல்வதானால் எப்படி?

சொல்லுங்கள்; மதிப்பெண் சான்றிதழில் தேதி பேசிவிடும். இந்திய நிறுவனங்களின் அறிவிப்பிலேயே ‘நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ்’ என்று இருக்கும், ஆகவே ‘ஐ ஹாட் டூ அரியர்ஸ், அண்ட் ஐ கிளியர்ட் தெம் இன் மை ஃபைனல் இயர்’ என்றால் புரியும். வட இந்தியாவில் இதையே ‘பேக்லாக்’ என்பார்கள்.

வெளிநாட்டவர் காதில் ‘அரியர்ஸ்’ என்றால் வாடகையோ கடன் தவணையோ பாக்கி. ‘ஐ ஹாவ் த்ரீ அரியர்ஸ்’ என்றால் பணம் கட்டாதவர் ஆகிவிடுவீர்கள். அங்கே ‘ஐ ஃபெயில்ட் டூ சப்ஜெக்ட்ஸ், ரீசாட் தெம் அண்ட் பாஸ்ட்’. அமெரிக்கர் என்றால் ‘ரீசாட்’டுக்குப் பதில் ‘ரீடுக்’.

‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2022’ என்றதும் ஸ்கைப்பில் பேசிய வெள்ளைக்காரர் சிரித்தார். ஏன்?

அவர் நாட்டில் ‘பாஸ்ட் அவுட்’ என்றால் மயங்கி விழுந்தீர்கள். ராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்கு மட்டும் பிரிட்டனில் அது பொருந்தும். ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2022’ போதும். படித்துக்கொண்டிருப்பவர் ‘ஐயாம் டூயிங் மை பி.ஏ.’ என்று சொல்லலாம். ‘பர்சூயிங்’ விண்ணப்பத்தில் அழகு, வாயில் கனம்.

‘பைஹார்ட்’ பண்ணினேன் என்று சொல்லக் கூடாதா?

‘பை ஹார்ட்’ வினை அல்ல. ‘ஐ லேர்ன்ட் இட் பை ஹார்ட்’ அல்லது ‘ஐ மெமரைஸ்ட் இட்’. நேர்காணலில் இரண்டையுமே சொல்லாமல் இருப்பது நல்லது.

‘தி சிலபஸ் வாஸ் ரிவைஸ்ட்’ என்றால் திருப்பிப் படித்ததா, மாற்றியமைத்ததா?

செயப்பாட்டு வினையில் பெரும்பாலும் மாற்றியமைத்தது. ‘தி ரிவைஸ்ட் சிலபஸ்’, ‘சிலபஸ் ரிவிஷன்’ எல்லாம் அந்தப் பொருள்தான். ‘ஐ ரிவைஸ்ட் யூனிட் டூ லாஸ்ட் நைட்’ என்று மாணவர் சொன்னால் திருப்பிப் படித்தது. இந்த இரண்டாம் பொருள் பிரிட்டனிலும் நம்மிடமும் உண்டு. அமெரிக்காவில் கிடையாது, அங்கே ‘ரிவ்யூ’. அமெரிக்கரிடம் ‘ஐ ரிவைஸ்ட் தி சிலபஸ்’ என்றால், பல்கலைக்கழகத்துப் பாடத்திட்டத்தையே திருத்திய பெரிய ஆள் என்று எடுத்துக்கொள்வார்.

மாற்றத்துக்கான மற்ற வினைகள்: புதிதாக வரைவது ‘டிசைன்’ அல்லது ‘டிரா அப்’, நம் ஊர் வழக்கில் ‘ஃப்ரேம்’, காலத்துக்கு ஏற்பப் புதுப்பிப்பது ‘அப்டேட்’, நடைமுறைக்குக் கொண்டுவருவது ‘இன்ட்ரொட்யூஸ்’.

‘சிலபஸ்’ஸுக்குப் பன்மை ‘சிலபை’ என்றால்தான் படித்தவர் என்கிறார்களே?

‘சிலபஸஸ்’, ‘சிலபை’ இரண்டும் அகராதியில் உண்டு. லத்தீன் பன்மை பேசித் தலை நிமிர்கிறவர்களுக்கு ஒரு செய்தி: இந்தச் சொல்லே ஓர் அச்சுப்பிழையில் பிறந்தது. ரோம நாட்டுச் சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களில், சுவடியில் ஒட்டும் பெயர்ச்சீட்டைக் குறிக்கும் ‘சிட்டிபாஸ்’ என்ற கிரேக்கச் சொல் இருந்தது. 15-ஆம் நூற்றாண்டில் அந்தக் கடிதங்களை அச்சிட்டபோது அதைச் ‘சிலபோஸ்’ என்று தவறாகப் படித்துவிட்டார்கள். அதிலிருந்து முளைத்ததுதான் சிலபஸ். இல்லாத சொல்லுக்கு எந்தப் பன்மை போட்டால் என்ன?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அக்கா, பேராசிரியரிடம் தேர்வுத் தேதி கேட்டாள். ‘இட்ஸ் இன் தி சிலபஸ்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. பாடத்திட்டத்தில் தேதி எப்படி இருக்கும்?

அங்கே இருக்கும். நம் ஊரில் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகப் பாடக்குழு வகுக்கும். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டில் முடிவானது, அதில் இணைந்த எல்லாக் கல்லூரிக்கும் ஒன்று. அமெரிக்காவில் ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்துக்குத் தானே எழுதி முதல் வகுப்பில் தருவார். படிக்க வேண்டிய நூல்களான ‘ரீடிங் லிஸ்ட்’, மதிப்பெண் பங்கீடான ‘கிரேடிங் பாலிசி’, தாமதமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற ‘லேட் பாலிசி’, ஆசிரியரைப் பார்க்கும் நேரமான ‘ஆஃபீஸ் அவர்ஸ்’ எல்லாம் அதில் இருக்கும். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் போல அதை நடத்துவார்கள். மேலே சொன்ன ஆவணப் பொருளில் வரும் ‘இன்’ இதுதான்.

அக்கா மறுபடி எழுதுவதானால் ‘ஐ செக்ட் தி சிலபஸ், பட் ஐ குட்ண்ட் ஃபைண்ட் தி டேட்’ என்று தொடங்கட்டும். பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தால் பதிலின் நீளமே மாறும்.

நர்சிங் முடித்து வெளிநாட்டுப் பதிவுக்கு ‘சிலபஸ்’ கேட்கிறார்கள். கடிதத்தில் என்ன எழுதுவது? இப்போதைய பாடத்திட்டத்தை இணையத்தில் எடுத்து அனுப்பலாமா?

இப்போதையதை அனுப்பாதீர்கள். நீங்கள் படித்த காலத்தில் நடப்பில் இருந்ததுதான் வேண்டும். அதற்குரிய சேர்க்கை ‘இன் ஃபோர்ஸ்’: ‘தி சிலபஸ் இன் ஃபோர்ஸ் டியூரிங் மை பீரியட் ஆஃப் ஸ்டடி’. சேர்ந்த ஆண்டையும் குறிப்பிடுங்கள்: ‘அப்ளிக்கபிள் டு ஸ்டூடன்ட்ஸ் அட்மிட்டட் இன் 2014’. இந்த இரண்டு தொடரும் இல்லாத கடிதத்துக்குப் பெரும்பாலும் தவறான ஆண்டின் தாள்தான் வரும்.

கேட்க வேண்டிய இடமும் முக்கியம். நர்சிங் பட்டம் தருவது சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்றால் அங்கே. கலை அறிவியல் பட்டதாரிகளிலும் வயதானவர்கள் கவனிக்க வேண்டும்: திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கியது, அதற்கு முன் வேலூர்க் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்தன. உங்கள் பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ அங்கே கேளுங்கள்.

செவிலியர் பதிவுக்குப் பாடத்திட்டம் மட்டும் போதாது. ‘தியரி அவர்ஸ்’, ‘கிளினிக்கல் அவர்ஸ்’ தனித்தனியாகக் காட்டும் ‘டிரான்ஸ்க்ரிப்ட்’டும் கேட்பார்கள். கடிதத்தில் ‘அட்டெஸ்டட் காப்பி’ என்று சொல்லிவிடுங்கள். முத்திரை இல்லாத தாளை எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏற வேண்டாம்.

‘டெல் மீ வாட் யூ லேர்ன்ட் இன் யுவர் கோர்ஸ்’ என்றால் பாடத்திட்டத்தை ஒப்பிக்க வேண்டுமா?

வேண்டாம். ஒப்பித்தால் ‘பைஹார்ட்’ கேள்விக்குத் திரும்பிவிடுவீர்கள். உங்கள் பாடத்திட்டத் தாளிலேயே ‘கோர்ஸ் அவுட்கம்ஸ்’ என்ற பகுதி இருக்கும், பெரும்பாலான பிள்ளைகள் அதைப் புரட்டியதே இல்லை. ‘ஆன் கம்ப்ளீஷன் ஆஃப் தி கோர்ஸ், ஸ்டூடன்ட்ஸ் வில் பி ஏபிள் டு’ என்று தொடங்கும். அதற்குப் பின் வரும் வினைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘அனலைஸ்’, ‘ப்ரிப்பேர்’, ‘கம்பேர்’, ‘டிசைன்’. தொடக்கத்தை மட்டும் மாற்றி ‘ஐ லேர்ன்ட் ஹவ் டு’ என்று போட்டு, கூடவே நீங்கள் உண்மையில் செய்த ஒன்றைச் சேருங்கள்.

வேதியியல் படித்து ராணிப்பேட்டைத் தோல் நிறுவனத்துக்குப் போகிறவர் ‘ஐ லேர்ன்ட் ஹவ் டு டெஸ்ட் வாட்டர் சாம்பிள்ஸ், வீ டிட் இட் இன் தி லேப் இன் அவர் தேர்ட் இயர்’ என்றால், அடுத்த கேள்வி தண்ணீரைப் பற்றி வரும். தோல் பதனிடுவதில் புழங்கும் குரோமியம் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.